பிபிசி கொடுத்த ஐந்தாம் இடம்

'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது' என்ற பாடலைப் பற்றிப் பேச்செடுத்தால், பாடிய திருமலை சந்திரனின் பெயருக்கு முன்பே ஓர் எண் வந்து நிற்கும். உலகத்தில் ஐந்தாவது பாட்டு. திருகோணமலை லிங்கநகரில் ஓட்டோ ஓட்டும் இளைஞர் ஒருவர் அண்மையில் அதைத் தன் கைபேசியில் ஓடவிட்டபடி எனக்கும் சொன்னார்.

"ஐயா, உலகத்திலயே அஞ்சாவது பாட்டு இது. பிபிசியே சொன்னது."

"ஆர் தம்பி வாக்குப் போட்டது?"

"சனம்தான்."

"எந்தச் சனம்?"

கொஞ்சம் யோசித்தார். "வெளிநாட்டுச் சனமாயிருக்கும் ஐயா."

அந்தக் கடைசிப் பதிலில் ஒரு திறனாய்வின் பாதி இருக்கிறது. மீதியை எழுதிப் பார்க்கலாம்.

2002 டிசம்பரில் பிபிசி உலக சேவைக்கு எழுபது வயது. கொண்டாட்டத்தின் பகுதியாக, உலகின் மிக விருப்பமான பாடல் எது என்று நேயர்களிடம் கேட்டார்கள். ஏறக்குறைய 7,000 பாடல்கள் முன்மொழியப்பட்டன. வந்த பட்டியலில் முதலிடம் வுல்ஃப் டோன்ஸ் குழு பாடிய 'எ நேஷன் வன்ஸ் எகெய்ன்' என்ற அயர்லாந்துப் பாடலுக்கு. இரண்டாவது 'வந்தே மாதரம்', மூன்றாவது வைட்டல் சைன்ஸ் குழுவின் 'தில் தில் பாகிஸ்தான்', நான்காவது இளையராஜாவின் 'ராக்கம்மா கையத் தட்டு', ஐந்தாவது நம் திருமலை சந்திரன். அதற்குப் பிறகு ஈராக்கின் காசிம் அல் சாஹிர், நேபாளத்தின் அருண் தாபா, குவீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி', 'சைய்ய சைய்யா', பத்தாவதாக ஷேர் பாடிய 'பிலீவ்'.

இந்தப் பட்டியலை இசை ரசனையின் பட்டியலாக எடுத்துக்கொண்டால் முதல் வரியிலேயே இடறுகிறது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக 1840களில் தாமஸ் டேவிஸ் எழுதிய பாடலை பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனத்தின் பிறந்தநாளில் முதலிடத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ரசிகர்கள் இணையத்தில் ஆள்சேர்த்து நடத்திய வேலை அது என்பதை அப்போதே எல்லோரும் அறிந்திருந்தார்கள். குறும்பு என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இரண்டாவதையும் மூன்றாவதையும் பாருங்கள். 2001 இறுதியில் தொடங்கி 2002 ஒக்டோபர் வரை இந்தியப் படையும் பாகிஸ்தான் படையும் எல்லையில் முகத்துக்கு முகம் நின்றன. அதே ஆண்டின் முடிவில் இரு நாடுகளின் தேசப் பாடல்கள் ஒரு வாக்கெடுப்பில் அடுத்தடுத்த படியில் நிற்கின்றன. முதல் ஐந்தில் 'ராக்கம்மா' ஒன்றுதான் நாட்டுக்காகவோ மண்ணுக்காகவோ பாடப்படாத பாட்டு. அதற்கும் ஒரு கட்சி உண்டு, ரஜினி ரசிகர் கட்சி. ரஜினியின் 'பாபா' படம் வந்து பெட்டிக்குள் திரும்பிய ஆண்டு அது. படம் கொடுக்காத வெற்றியை லண்டனில் எடுத்துவிட்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது, நிரூபிக்க முடியாது.

பத்தில் ஆறு தெற்காசியப் பாடல்கள். சான்சிபாரில் பிறந்து இந்தியாவின் பஞ்சகனியில் படித்த பார்சிப் பிள்ளை ஃபிரெடி மெர்க்குரியையும் நம் கணக்கில் எழுதினால் ஏழு. அந்த ஆசையை அடக்கிக்கொண்டு, இல்லாதவற்றை எண்ணுவோம். ஹௌசா இல்லை. சுவாஹிலி இல்லை. சீனம் இல்லை, ஸ்பானிய மொழி இல்லை. ஆபிரிக்காவில் பிபிசியை ஹௌசாவிலும் சுவாஹிலியிலும் கேட்டவர்கள் கோடிக்கணக்கில். அந்த நிலையத்துக்கு அவர்களை விட விசுவாசமான நேயர்கள் கிடையாது. ஆனால் ரேடியோ வைத்திருப்பவர் வேறு, 2002இல் வாக்கை இணையத்தில் போடக்கூடியவர் வேறு. கேட்டவர்களின் பட்டியல் என்று பெயர் வைத்துவிட்டு, கணினிக்கு முன் உட்கார முடிந்தவர்களின் பட்டியலை வெளியிட்டார்கள்.

இதே பிளவு நம் பாடலுக்குள்ளும் ஓடுகிறது. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போன ஆண்டுகளில், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து இழுத்த வயரில் ரேடியோவைப் பாட வைத்தார்கள். ஒருவர் சுற்ற, நாலைந்து பேர் குந்தியிருந்து பிபிசி தமிழோசை கேட்பார்கள். சுற்றுகிறவர் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். தமிழில் பிபிசி 1941இல் ஒலிக்கத் தொடங்கியதிலிருந்து, அதை இவ்வளவு உடலுழைப்புக் கொடுத்துக் கேட்டவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் 2002இல் வாக்களித்திருப்பார்கள்? அந்த ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. டிசம்பர் தொடக்கத்தில் பேச்சுவார்த்தை ஒஸ்லோவில் நடந்தது. வன்னியில் தொலைபேசிக் கம்பியே தேட வேண்டிய பொருள். திருமலையில் வீட்டில் இணையம் வைத்திருந்தவரைக் கைவிரலில் எண்ணிவிடலாம். ஆகவே பூவும் பிஞ்சுமாய் இடம்பெயர்ந்து நடந்தவர்கள் அந்தப் பாட்டை ஐந்தாம் இடத்துக்கு ஏற்றவில்லை. நடந்து, கடல் கடந்து, லண்டனிலும் டொரொண்டோவிலும் பாரிசிலும் கணினி வாங்கியவர்கள் ஏற்றினார்கள் என்பதே என் ஊகம். ஓட்டோத் தம்பியின் ஊகமும் அதுதான்.

அதனால் அந்த வாக்குகள் போலி என்று நான் சொல்லவில்லை. ஆட்சேபம் வரும் என்று தெரியும்: எந்த வாக்கெடுப்பில்தான் ஆள்திரட்டல் இல்லை? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இதே தீவின் வானொலி வரலாற்றில் இருக்கிறது.

1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைத் தள்ளிவைத்தபோது அந்த இடத்தை எடுத்துக்கொண்டது கொழும்பு. அதே ஆண்டு டிசம்பரில் இலங்கை வானொலியில் அமீன் சயானி 'பினாக்கா கீத்மாலா'வைத் தொடங்கினார். முதல் நிகழ்ச்சிக்கு ஐம்பது கடிதம் வந்தால் பெரிது என்று நினைத்திருந்தார்களாம். ஒன்பதாயிரம் வந்தன. வாரா வாரம் பாடல்கள் படியேறி இறங்கின. ஆண்டு முடிவில் ஆண்டுக்கான பட்டியல் வந்தது. தரவரிசைக்கு இசைத்தட்டு விற்பனை மட்டும் அளவாக இருந்தால் கடைக்காரர் கை அதில் புகுந்துவிடும், தட்டு தீர்ந்துபோனால் நல்ல பாட்டும் சரியும் என்று கண்டு, ஊர் ஊராக இருந்த நேயர் மன்றங்களின் வாக்கையும் சேர்த்துக்கொண்டார்கள். மன்றங்கள் மூட்டையாய் அனுப்பும் அபாயம் அதிலும் இருந்தது. ஆனாலும் ஒன்றை இன்னொன்று இழுத்துப் பிடித்தது. அதோடு, நீண்ட வாரங்கள் மேலே நின்ற பாடலுக்கு முடிசூட்டிப் போட்டியிலிருந்து இறக்கிவிடும் வழக்கமும் இருந்தது. பழைய அன்பு புதிய பாட்டின் வழியை அடைக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையிலும் கடிதம்தான் உயிர். 'நீங்கள் கேட்டவை'யில் ஒரு பாட்டுக்கு முன் அறிவிப்பாளர் வாசிக்கும் பெயர்ப் பட்டியல் சில நேரம் பாட்டின் பல்லவியை விட நீளம். போஸ்ட் காட் போட்டவர்களில் எத்தனை பேர் பாட்டுக்காகப் போட்டார்கள், எத்தனை பேர் தங்கள் பெயரும் ஊரும் காற்றில் போவதைக் கேட்கப் போட்டார்கள்? நேயர் விருப்பம் ஒருபோதும் தூய ரசனையாக இருந்ததில்லை. ஆனால் அந்த அட்டைக்கு முத்திரைக் காசு வேண்டும், தன் கையெழுத்தில் தன் விலாசம் வேண்டும், தபால் பெட்டிவரை நடை வேண்டும். வாக்குக்கு ஒரு விலையும் ஒரு முகமும் இருந்தன. பொத்தானை அழுத்திய வாக்குக்கு இரண்டும் இல்லை.

இன்னும் பெரிய வேறுபாடு, வாக்கெடுப்பு ஆண்டுதோறும் திரும்பி வருவதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டிரிபிள் ஜே நிலையம் 'ஹொட்டஸ்ட் 100' வாக்கெடுப்பை 1989இல் தொடங்கியபோது, எல்லாக் காலத்துப் பாடலுக்கும் வாக்குப் போடலாம் என்று விட்டது. முதல் இரண்டு ஆண்டும் முதலிடம் ஜோய் டிவிஷன் குழுவின் ஒரே பாட்டுக்கு. பட்டியல் உறைந்துபோவதைக் கண்டு 1992இல் நிறுத்தினார்கள். 1993 முதல் அந்தந்த ஆண்டில் வந்த பாட்டுகளுக்கு மட்டும் என்று விதியை மாற்றினார்கள். அந்த முதல் ஆண்டில் வென்றது டெனிஸ் லியரி என்ற நகைச்சுவைக்காரரின் கிண்டல் பாட்டு. யாரும் உலகம் அழிந்துவிட்டதாக நினைக்கவில்லை, அடுத்த ஆண்டு வரத்தானே போகிறது. 2014ஆம் ஆண்டுப் பட்டியலுக்கு டெய்லர் சுவிஃப்டின் பாட்டை ஏற்ற இணையத்தில் ஒரு பெரும் பிரசாரம் நடந்தது. கோழிக்கறி விற்கும் நிறுவனமொன்று அதில் தன் விளம்பரத்தைச் சொருக, நிலையம் அந்தப் பாட்டைப் போட்டியிலிருந்தே நீக்கியது.

நீக்கியது சரியா என்று அங்கே இன்னும் சண்டை பிடிப்பார்கள். எனக்கு முக்கியம் வேறு. ஆண்டுதோறும் வரும் பட்டியலுக்கு நினைவு இருக்கிறது. போன ஆண்டு எங்கே ஓட்டை என்று தெரியும், அடைக்கலாம். ஒரே ஆண்டின் பாட்டுகள் ஒன்றோடொன்று மோதுவதால் ஒப்பிடக்கூடியவை ஒப்பிடப்படுகின்றன. பிபிசி கேட்ட கேள்வியோ, 160 ஆண்டுப் பழைய விடுதலைப் பாட்டையும் நான்கு ஆண்டுப் பழைய நடனப் பாட்டையும் ஒரே தட்டில் வைத்து, எல்லா நாட்டாரையும் எல்லா மொழியாரையும் ஒரே முறை கேட்ட கேள்வி. மறுபடி கேட்டுச் சரிபார்க்கும் வாய்ப்பே இல்லை. இப்படி ஒரு கேள்விக்கு ரசனை பதில் சொல்லாது, அணிதான் பதில் சொல்லும்.

நான்காம் இடமும் ஐந்தாம் இடமும் தமிழுக்கு வந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளியும். 'ராக்கம்மா' 1991இல் 'தளபதி'க்காக வந்தது. வாலியின் வரிகள், எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் ஸ்வர்ணலதாவும் பாடியது. சேரிக் கொண்டாட்டத்தின் தாளம் உச்சத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, குறுக்கே கூட்டுக் குரலில் அப்பர் தேவாரம் புகும். தில்லைக் கூத்தனைப் பாடிய பாட்டு. கோணேசர் கோயில் மணியோசையில் வளர்ந்த காதுக்கு அந்த இடம் ஒரு அதிர்ச்சி. தெருவும் கோயிலும் ஒன்றையொன்று விரட்டாமல் ஒரே பாட்டுக்குள் நிற்கின்றன, பிறகு வயலின்கள் இரண்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகின்றன. இந்தப் பாட்டைப் பற்றி இப்படிப் பேச முடிகிறது, முப்பது ஆண்டுகளாகப் பேசியும் இருக்கிறார்கள். நான்காம் இடம் அதற்கு ஒரு துணுக்குச் செய்தி மட்டுமே. அதை எடுத்துவிட்டால் 'ராக்கம்மா'வுக்கு ஒன்றும் குறையாது.

'பூவும் நடக்குது'வுக்கு அப்படியில்லை. இடப்பெயர்வின் பாட்டு அது. கேட்பவர் எந்த நடையை நினைத்துக்கொள்கிறார் என்பது அவர் எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தாருக்கு 1995 ஒக்டோபர் இறுதியின் பெரும் இடப்பெயர்வு. திருமலையாருக்கு 1990, மன்னார்க் கரையும் படகும் தமிழ்நாட்டு முகாமும். குழந்தைகள் நடப்பதைச் சொல்லி, பெரியவர்களின் தோல்வியை உணர்த்துகிற பாட்டு. ஆனால் அதன் மெட்டைப் பற்றி, குரல் எங்கே இறங்குகிறது, எங்கே இறங்க மறுக்கிறது என்பதைப் பற்றி, போர்க்காலத்தின் உற்சாக நடைப்பாட்டுகளிலிருந்து அது எப்படி விலகி நிற்கிறது என்பதைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. பாராட்டுகிறவர் "உலகில் ஐந்தாவது" என்று சொல்லி முடித்துவிடுகிறார். பிடிக்காதவர் "புலம்பெயர்ந்தோர் கள்ளவாக்கு" என்று சொல்லி முடித்துவிடுகிறார். இருவரும் பாட்டைக் கேட்காமலே பேச அந்த எண் வழிசெய்து கொடுக்கிறது.

எனவே என் தீர்ப்பு இரண்டு கூறாக இருக்கிறது. உலகின் விருப்பமான பாடல்களின் வரிசையாக பிபிசியின் 2002 பட்டியல் செல்லாது. முதலிடமும் செல்லாது, ஐந்தாமிடமும் செல்லாது, நமக்கு வந்ததால் ஐந்தாவதை மட்டும் காப்பாற்றிக்கொள்ள முடியாது. ஆனால் ஓர் ஆவணமாக அது அருமையானது. போர் ஓய்ந்திருந்த அந்தச் சில மாதங்களில், சிதறிப்போன ஒரு சனம், எதிர்பாராத ஒரு கதவு திறந்திருப்பதைக் கண்டு, தனக்கு வேண்டிய எத்தனையோ காதல் பாட்டும் பக்திப் பாட்டும் இருக்க, பிள்ளைகள் நடக்கிற பாட்டை எடுத்து உள்ளே வைத்தது. திரட்டப்பட்ட வாக்கு என்பதாலேயே இது கூடுதல் சாட்சி. யாரும் தற்செயலாக இந்தப் பாட்டுக்குப் புள்ளடி போட்டிருக்க மாட்டார்கள்.

ஆண்டு முடிவில் நேயர் வாக்கில் பட்டியல் போட விரும்பும் இலங்கைத் தமிழ் வானொலி எதுவானாலும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை. அந்த ஆண்டில் இங்கே உருவான பாட்டுகளை மட்டும் எடுங்கள். சென்னைப் படப்பாட்டோடு மோதவிட்டால் திருமலைப் பையன் போட்ட மெட்டு முதல் சுற்றிலேயே போய்விடும். ஒரு தொலைபேசி இலக்கத்துக்கு ஐந்தோ பத்தோ வாக்கு என்று வரையறுங்கள், ஒரே பாட்டுக்கு அத்தனையையும் கொட்ட விடாதீர்கள். எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை, வெளிநாட்டிலிருந்து எத்தனை என்பதை இடத்தோடு சேர்த்து வாசியுங்கள். கணக்கை வாசிக்கத் தயாரில்லாத நிலையம் பாட்டை மட்டும் போடட்டும், வரிசை எண் வேண்டாம்.