மதுரை 1837: எழுபத்திரண்டு ‘மாதிரிகள்’

மினியேச்சர் ஓவியம்னு சொன்னாலே பேச்சு ராஜஸ்தான், காங்ரா, முகலாயர்னு வடக்கே போயிடும். நம்ம பக்கம்னா தஞ்சாவூர்ப் படம், அதுவும் பலகையில் தங்க ரேக்கு ஒட்டின சாமி. ஆனால் நம் ஊர் மனிதர்களைக் கையடக்கமாக வரைந்த படங்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர், திருச்சி, மதுரையில் வெள்ளைக்காரர்கள் வாங்கிப்போவதற்காகச் செய்தவை. கம்பெனி ஓவியம் என்பார்கள்.

அதில் ஒரு ஆல்பம் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகத்தில் இருக்கிறது. ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். மதுரையில் அமெரிக்க மிஷனரிகள் நடத்திய ஆங்கிலப் பள்ளியில் கையெழுத்துப் பயிற்சி கொடுத்த ஓர் இந்திய ஆசிரியர் தொகுத்தது. டேனியல் பூர் என்ற மிஷனரி 1837இல் அதை வில்லியம் ட்வைனிங் என்ற பாதிரியாருக்குப் பரிசாகக் கொடுத்தார். தலைப்பு, ‘இந்திய ஜாதிகளின் 72 மாதிரிகள்’. மாதிரி என்று நான் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன். மூலத்தில் இருப்பது ‘ஸ்பெசிமன்’. ஸ்கூல் லேபில் பாட்டிலுக்குள்ள பாம்பு மிதக்குமே, அந்த ஸ்பெசிமன்.

வரைந்திருப்பது மைக்காவில். நம்ம காக்காப்பொன். வடக்கத்தி ஓவியர் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வஸ்லி என்ற அட்டை செய்வார். அணில் மயிர்த் தூரிகையால் வண்ணம் தீட்டி, தாளைக் கவிழ்த்துப் போட்டு அகேட் கல்லால் பின்பக்கம் தேய்ப்பார். மறுபடி வண்ணம், மறுபடி தேய்ப்பு. அந்த மெருகு கை உழைப்பு. மைக்காவில் பளபளப்பு கல்லிலேயே இருக்கு. ஆனால் அது வண்ணத்தைக் குடிக்காது. வண்ணம் மேலாக உட்கார்ந்திருந்து, வருஷம் போகப் போக உதிரும்.

முதல் தடவை பார்த்தப்ப எனக்கு சந்தோஷம்தான். புடவைக் கட்டு, தலைப்பாகை, நகை எல்லாம் கவனமாகவே வந்திருக்கு. இன்னொன்றையும் சொல்லிடறேன். நான் முதலில் தேடினது எங்க ஜாதி இருக்கான்னுதான். பத்து நிமிஷம் கழிச்சுதான் உறைச்சது. 1837இல் போட்ட தலைப்பு என்னையும் சரியா வேலை வாங்கிடுச்சு.

அப்புறம் ஒரு சோதனை செய்தேன். திரையில் உடையையும் கையில் இருப்பதையும் விரலால் மறைத்துவிட்டு முகத்தை மட்டும் பார்த்தேன். யார் யாரென்று சொல்ல முடியவில்லை. எங்க தொழிலில் இதுக்கு டெம்ப்ளேட்னு பேர். மைக்கா ஓவியத்தில் இதை வெளிப்படையாகவே செய்த செட்டுகளும் உண்டு. அடியில் முகம் வரைந்த ஒரு அட்டை, மேலே வைக்க முகமில்லாத மைக்கா ஏடுகள். ஏட்டை மாற்றினால் ஆள் மாறிவிடுவார். மதுரை ஆல்பம் அந்த வகை இல்லை, ஆனால் மனசு அதுதான்.

விற்பனைச் சரக்கு, வாங்கினவன் கேட்டதைத்தானே வரைவான் என்று கேட்கலாம். பாதி சரி. டெல்லியில் வில்லியம் ஃப்ரேசர் என்ற கம்பெனி அதிகாரி 1815 முதல் 1819 வரை வரையவைத்த ஆல்பத்தைப் பாருங்கள். அதுவும் வெள்ளைக்காரர் காசுதான். அதில் கிராமத்து ஆட்கள் தனித்தனி முகத்தோடு நிற்கிறார்கள், பலருக்குப் பெயரும் எழுதியிருக்கு. அந்த ஓவியர்களுக்கு எதிரில் ஆள் நின்றிருக்கிறார். நம்ம ஓவியருக்கு அப்படி யாரும் நின்ற மாதிரித் தெரியவில்லை. அவர் கையில் இருந்தது ஒரு பட்டியல்.

செய்யூர் உப்பளம் பக்கம் போகும்போது இது ஞாபகம் வரும். நீளக் கம்பு வைத்த பலகையால் உப்பை இழுத்துக் கூட்டுகிறவர் நிமிர்வதே இல்லை. எழுபத்து மூன்றாவதாக அவரை வரையச் சொல்லியிருந்தால், பலகையைக் கையில் கொடுத்து நேராக நிற்கவைத்திருப்பார்கள். உப்புத் தண்ணியில் வெடித்த அந்தப் பாதத்தை வரைய, ஒரு காலை நேரமாவது வரப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கணும்.