எக்ஸ்-கதிர் இல்லாமல் கல்லெடுத்தல்: பெயரும் பயனும்

கல்லடைப்பால் துடிப்பவரை நீங்கள் கண்டிருக்கக்கூடும். சிறுநீரகத்தில் உண்டான கல், சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாயில் சிக்கிக்கொள்வதால் வரும் வலி அது. குழாயின் நீளம் 25 முதல் 30 செ.மீ. மூன்று இடங்களில் அது குறுகுகிறது. சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடமே மிகக் குறுகலானது. தானாக வெளியேறாத கல்லை, சிறுநீர் வரும் வழியாகவே யூரிட்டரோஸ்கோப் என்னும் மெல்லிய நோக்குக்கருவியைச் செலுத்தி, லேசரால் பொடித்து எடுக்கிறார்கள்.

இதற்கு எக்ஸ்-கதிர்த் திரை துணை நிற்பது வழக்கம். வழிகாட்டிக் கம்பி சிறுநீரகம்வரை சென்றதா, இறுதியில் வைக்கும் ஸ்டென்ட் என்னும் மென்குழலின் மேல்முனை உள்ளே சுருண்டு நிற்கிறதா என்பதையெல்லாம் அதில் பார்க்கலாம். இக்கதிரை அறவே விட்டுவிடலாம் என்கின்றனர் மருத்துவருள் ஒரு சாரார். கல்லைக் கருவி வழியே நேரில் பார்த்து, அதன் ஓரமாகக் கம்பியைச் செலுத்துகின்றனர். மேல்முனையை அல்ட்ராசவுண்ட் மூலம் சரிபார்க்கின்றனர். ‘கதிர்வீச்சற்ற சிகிச்சை’ என்று இதற்குப் பெயர் சூட்டுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டாமா?

இயற்கையிலிருந்தே உலகில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சைப் பெறுகிறார். கல்லெடுக்கும்போது திரையால் சேர்வது பெரும்பாலும் 1 மில்லிசீவர்ட்டை ஒட்டியதே. ஆனால் கல் எங்கே இருக்கிறது என்றறிய முன்பே எடுத்த சி.டி. ஸ்கேன் சுமார் 10 மில்லிசீவர்ட் கொடுத்திருக்கும்! அளவு குறைத்து எடுத்திருந்தால் 3 அல்லது அதற்கும் கீழே நின்றிருக்கும். ஒன்றை மிச்சப்படுத்திவிட்டுப் பத்தை மறந்துவிடுவது என்ன சிக்கனம்? கல் திரும்பத் திரும்ப வரும் நோயாளிக்கு ஒவ்வொரு முறையும் சி.டி. எடுப்பதைக் குறைப்பதே பெரிய ஆதாயம்.

உண்மையில் இம்முறையால் மிகுதியும் பயன்பெறுவோர் மருத்துவரும் செவிலியருமே. நோயாளி ஒருமுறை படுக்கிறார். அவர்களோ ஆண்டு முழுவதும் சிதறும் கதிர்களின் நடுவே நிற்கின்றனர். கண்வில்லைக்கு ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட் என்றிருந்த வரம்பை, பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்புக் குழு 2011இல் 20 ஆகக் குறைத்தது. ஈய மேலாடையின் சுமையோ தனிக் கதை. இக்காரணத்தை வெளிப்படையாகச் சொல்வதில் இழுக்கொன்றுமில்லை.

ஆபத்தும் உண்டு. கல் குழாய்ச் சுவரோடு இறுகிப் பதிந்திருந்தால் கம்பி நேர்வழி போகாது. சுவரைத் துளைத்து வெளியேறவும் கூடும். அப்போது கையின் உணர்வை மட்டும் நம்புவது சரியன்று. திரைக்கருவி அறையிலேயே ஆயத்தமாக இருக்க வேண்டும். தேவை நேர்ந்தால் தயங்காமல் காலால் அழுத்தி இயக்க வேண்டும். ‘ஒரு விநாடிகூடப் பயன்படுத்தவில்லை’ என்று பெருமை பேசுவதற்காகக் குழாயைக் கிழித்துவிடக் கூடாது. ஆகவே வெற்றிக் கணக்கை யாரேனும் காட்டினால், எத்தகைய கற்களைத் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை பேருக்கு நடுவில் திரையை நாட நேர்ந்தது என்று கேளுங்கள். கீழ்ப்பகுதியில் தளர்வாகக் கிடக்கும் சிறு கல்லும், மேலே இறுகிக் கிடக்கும் கல்லும் ஒன்றல்ல.

இப்பெயர் முழுவதும் பொருந்தும் இடம் ஒன்றுண்டு. கருவுற்ற பெண்ணுக்குக் கல்லடைப்பு வந்தால், முதலில் அல்ட்ராசவுண்ட் கொண்டே தேடுகிறார்கள். கல்லை எடுத்தே ஆகவேண்டிய நிலை வந்தால், அதே அல்ட்ராசவுண்டின் துணையோடு எடுக்க இயலுகிறது. தொடக்கம் முதல் முடிவுவரை வயிற்றுச் சிசுவின்மீது எக்ஸ்-கதிர் படுவதே இல்லை.