செனகா போல்ஸ் பிரகடனத்தில் ‘அவன்’ யார்?

1848ஆம் ஆண்டு யூலை மாதத்தில், நியூயோர்க் மாநிலத்துச் சிற்றூரான வோட்டர்லூவில், மக்ளின்ரொக் குடும்பத்தாரின் வீட்டு முன்னறையிலே சிறு வட்ட மேசையொன்றைச் சுற்றிச் சில பெண்கள் அமர்ந்திருந்தனர். அயலூரான செனகா போல்சில் பெண்ணுரிமைக்கென ஒரு மகாநாடு கூடவிருப்பதாகப் பத்திரிகையில் அறிவித்தாயிற்று. மகாநாட்டின் முன் வைப்பதற்கு ஒரு பிரகடனம் வேண்டும். மதுவிலக்குச் சங்கங்களும் அடிமை ஒழிப்புச் சங்கங்களும் சமாதானச் சங்கங்களும் வெளியிட்ட அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தனர். அவை உயிரற்றவையாகத் தோன்றின. ஈற்றில் ஒருவர் 1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்தை எடுத்து உரக்க வாசித்தார். அதனையே வார்ப்பாகக் கொள்வதென முடிவாயிற்று. முன்னோர் பிரித்தானிய மன்னன்மீது பதினெட்டுக் குற்றச்சாட்டுகளைச் சுமத்தினர் என்று எண்ணிக் கணக்கிட்ட இப்பெண்கள், ஆண்குலத்தின்மீதும் அத்தனை குற்றச்சாட்டுகளைத் தேடலாயினர். சட்டநூல்கள், திருச்சபை விதிகள், சமூக வழக்கங்கள் யாவும் துருவப்பட்டன. தேடிக் கண்டுபிடிப்பதற்குப் புத்தகங்கள் தேவைப்படுகின்றனவென்றால் உங்கள் குறைகள் உண்மையிலேயே கொடியவைதாம் என்று அங்கிருந்த இளைஞனொருவன் நையாண்டி செய்தானாம்.

இச்செய்தியை இயக்கத் தலைவியரே பிற்காலத்தில் எழுதிய தமது வரலாற்று நூலிற் சிரிப்போடு பதிவு செய்துள்ளனர். படிப்போரும் அவ்வாறே சிரித்துவிட்டு அப்பாற் செல்வது வழக்கம். நாம் இங்கு சற்றுத் தரித்து நிற்க விரும்புகிறோம். புத்தகத்திலே தேட வேண்டியிருந்த குறைகள் எவருடையவை? புத்தகம் இல்லாமலே தம் குறைகளை அறிந்திருந்த பெண்கள் அன்றைய அமெரிக்காவில் இருக்கவில்லையா? இவ்வினாக்களை மனங்கொண்டு வாசிக்கும்போது, ‘கருத்துப் பிரகடனம்’ எனப் பெயரிடப்பட்ட அவ்வாவணம் தன் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டிவிடுகின்றது.

முதலில் வலிமையைக் கூறுவோம். சுதந்திரப் பிரகடனம் அந்நாட்டுக் குடியரசின் வேதநூல். அதன் வாக்கிய அமைப்பையே எடுத்தாண்டு, மன்னன் நின்ற இடத்தில் ஆணை நிறுத்தி, சமமாகப் படைக்கப்பட்டோர் பட்டியலில் ஆடவரோடு மகளிரையும் சேர்த்தமை வெறும் போலச்செய்தல் அன்று. தந்தையர் செய்த சத்தியத்தைக் காட்டி மைந்தரைக் கூண்டிலேற்றிய செயல் அது. இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தை வழிமுதலாகக் கொண்ட அமெரிக்கச் சட்டம், மணம் முடித்த பெண்ணின் சட்ட ஆளுமையைக் கணவனுடைய ஆளுமைக்குள் கரைத்துவிட்டது. அவள் சம்பாதித்த கூலி அவனுக்குரியது. பிள்ளைகள்மீதான உரிமையும் அவனுக்குரியது. சட்டத்தின் கண்ணில் அவள் இறந்தவள் என்று பிரகடனம் கூறியது மிகைக்கூற்றன்று. மகாநாட்டுக்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 1848 ஏப்பிரிலில், நியூயோர்க் சட்டசபை மணமான பெண்கள் சொத்து வைத்திருக்க அனுமதித்திருந்தது. ஆயின், தம் உழைப்பின் ஊதியத்தைத் தாமே வைத்திருக்கும் உரிமையை அம்மாநிலப் பெண்கள் பெறுவதற்கு 1860ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

குற்றச்சாட்டுகளுள் இறுதியில் வருவதே எம்மை மிகவும் கவர்ந்தது. பெண் தன் ஆற்றலில் வைத்த நம்பிக்கையை அழித்து, தன்மதிப்பைக் குன்றச் செய்து, பிறரைச் சார்ந்து வாழ அவளே விரும்பும்படி ஆக்க ஆண் முயன்றான் என்கிறது அது. அடக்குமுறை அடக்கப்பட்டவரின் உள்ளத்திற்குள் எவ்வாறு குடியேறுகிறது என்பதை அரசியல் ஆவணமொன்று இத்துணைத் தெளிவாகக் கூறியது அக்காலத்தில் அரிது.

யூலை 19, 20ஆம் திகதிகளில் நடந்த மகாநாட்டிற்கு ஏறத்தாழ முந்நூறு பேர் வந்தனர். அறுபத்தெட்டுப் பெண்களும் முப்பத்திரண்டு ஆண்களும் பிரகடனத்தில் ஒப்பமிட்டனர். பத்திரிகைகள் எள்ளி நகையாடத் தொடங்கியதும் சிலர் தம் பெயரை மீட்டுக்கொண்டனர். தீர்மானங்களுள் வாக்குரிமை கோரிய ஒன்பதாவது மட்டுமே ஏகமனதாக நிறைவேறவில்லை. எலிசபெத் காடி ஸ்ரான்ரன் அதனை வலியுறுத்தியபோது, மூத்த தலைவியான லுக்ரீசியா மொற்றே தயங்கினார். அத்தீர்மானத்தைத் தூக்கி நிறுத்தியவர், பத்தாண்டுகளுக்கு முன் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்திருந்த பிரெடரிக் டக்ளஸ். மகாநாட்டு அறிக்கை அச்சானதும் றொச்செஸ்ரர் நகரில் அவர் நடத்திய ‘நோர்த் ஸ்டார்’ பத்திரிகையின் அச்சகத்திலேதான். பிரகடனத்தின் கையெழுத்துப் பிரதி மறைந்துபோயிற்று. இன்று நாம் வாசிப்பது, முன்னாள் அடிமையொருவரின் அச்சகம் காப்பாற்றித் தந்த பாடத்தையே.

இனி, எல்லைக்கு வருவோம். பிரகடனத்தின் குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் ‘அவன்’ என்றே தொடங்குகின்றன. அவன் மறுத்தான், அவன் பறித்தான், அவன் மூடினான். 1776இல் அச்சொல் ஜோர்ஜ் மன்னனைச் சுட்டியது, ஐயத்திற்கு இடமில்லை. 1848இல் அது யாரைச் சுட்டுகிறது? கணவனை, தந்தையை, சட்டம் இயற்றுவோனை, குருவானவரை. நீதிபதியொருவரின் மகளாகிய ஸ்ரான்ரன் நாடோறும் கண்ட ‘அவன்’ இவனே. பெண்ணின் ஊதியம் குறைவென்றும், இலாபமுள்ள தொழில்கள் ஆணின் ஏகபோகமென்றும் பிரகடனம் கூறாமலில்லை. ஆயினும், அந்த ஏகபோகத்தின் உடைமையாளன் யார் என்பதை ‘அவன்’ என்ற சொல் மறைத்துவிடுகின்றது.

அதே வடமாநிலங்களிலே, மசாச்சூசெற்சின் லோவெல் நகரில், நாட்டுப்புறக் குடியானவரின் பெண்மக்கள் ஆயிரக்கணக்கில் பஞ்சாலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணிநேரம் உழைத்தனர். கூலிக் குறைப்பை எதிர்த்து 1834இலும், விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து 1836இலும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். செனகா போல்சுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்திய கதை இது. எந்தச் சட்டநூலையும் அவர்கள் புரட்டவில்லை. ஆலை மணியின் ஓசையே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

இலக்கிய மாணவர் அறியவேண்டிய செய்தியொன்று இங்குண்டு. லோவெலின் ஆலைப்பெண்கள் 1840 முதல் 1845 வரை ‘லோவெல் ஒபரிங்’ என்ற சஞ்சிகையை எழுதி நடத்தினர். 1842இல் ஒரு நாள் அங்கு வந்துபோன சார்ள்ஸ் டிக்கன்ஸ், விடுதிகளிலிருந்த பியானோவையும் இச்சஞ்சிகையையும் கண்டு மகிழ்ந்து எழுதினார். (இங்கிலாந்தின் ஆலைகளை அத்துணைக் கூர்மையாக நோக்கிய கண், விருந்தாளியாய் வந்த நாட்டிலே சற்று இமை தாழ்த்திற்று போலும்.) அச்சஞ்சிகையின் தொடக்க இதழ்களில், ஆலை வாழ்வின் இன்பங்களைப் பற்றி எழுதியவருள் ஒருவர் சேரா பாக்லி. அதே பாக்லிதான் 1845இல் பெண் தொழிலாளர் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவியாகி, பத்துமணிநேர வேலைநாள் கோரும் மனுவில் ஒப்பங்கள் திரட்டி, சட்டசபைக் குழுவின் முன் சாட்சியமளித்தார். வேலைநேரம் சட்டசபைக்குரிய விடயம் அன்றென்று குழு கைவிரித்தது. அவ்வாண்டின் கோடையில், அச்சஞ்சிகை ஆலை முதலாளிமாரின் ஊதுகுழலென்று பாக்லி பகிரங்கமாகச் சாடினார். ஆண்டு முடிவதற்குள் சஞ்சிகை நின்றுபோயிற்று. பாக்லியின் ‘அவன்’ கணவனல்லன். அவனுக்கு முகமில்லை, பொஸ்ரன் நகரிற் பங்கிலாபம் பெறும் கம்பெனி அது. மசாச்சூசெற்சில் பெண்களுக்கும் சிறுவருக்குமான பத்துமணிநேரச் சட்டம் 1874இல்தான் வந்தது. ஆலைப்பெண் எவரும் வோட்டர்லூ மேசையருகே இருக்கவில்லை.

லோவெலில் நூற்கப்பட்ட பருத்தி எங்கிருந்து வந்தது? தென்மாநிலத் தோட்டங்களில் அடிமைப் பெண்களின் விரல்கள் பறித்த பருத்தி அது. அவ்வாலைகள் நெய்த முரட்டுத்துணியின் ஒரு பகுதி, அடிமைகளுக்கு உடையாகத் தெற்கே திரும்பிச் சென்றது. ‘லோவெல்’ என்பது அடிமைகளின் வாயிலே அத்துணியின் பெயராயிற்று. பறித்தவளையும் நெய்தவளையும் ஒரே நூல் பிணைத்திருந்தும், பிரகடனத்தின் குற்றச்சாட்டுகளுள் ஒன்றேனும் அடிமைப்பெண்ணின் நிலையைத் தனியே கூறவில்லை. கூறியிருந்தால் ‘அவன்’ என்ற சொல் அங்கேயே உடைந்திருக்கும். அடிமைப்பெண்ணின்மீது அதிகாரம் செலுத்தியவருள் எசமானும் இருந்தான், எசமானியும் இருந்தாள். சார்ள்ஸ்ரன் நகரின் அடிமையுடைமைக் குடும்பத்திற் பிறந்து, அவ்வாழ்வை உதறி வடக்கே வந்த கிரிம்கே சகோதரியர் இதனை நேரிற் கண்டு எழுதியவர்கள். அவருள் மூத்தவரான சேரா, பால் சமத்துவம் பற்றிய தம் கடிதங்களை 1838இலேயே நூலாக்கியிருந்தார்.

அடிமைப்பெண்ணின் குரல் இயக்கத்திற்குள் வந்தபோது அதற்கு நேர்ந்தது என்ன? 1851 மே மாதம் ஓகையோ மாநிலத்து அக்ரன் நகரில் கூடிய மகாநாட்டில் சோஜேர்னர் ட்ரூத் பேசினார். நியூயோர்க் மாநிலத்திலே இசபெலா என்ற பெயரோடு அடிமையாகப் பிறந்தவர்; டச்சு மொழியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்; 1826இல் எசமானின் வீட்டை விட்டு நடந்து வெளியேறியவர்; சட்டவிரோதமாகத் தெற்கே விற்கப்பட்ட தம் மகனை வழக்காடி மீட்டவர். எழுத்தறியாதவராதலால் அவருடைய உரையைப் பிறர் எழுதியபடியே நாம் அறிகிறோம். பாடங்கள் இரண்டு உள. ஒன்று, சில வாரங்களில் மாரியஸ் றொபின்சன் தம் அடிமை எதிர்ப்புப் பத்திரிகையில் வெளியிட்டது. மற்றையது, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1863இல், அம்மகாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் கேஜ் எழுதியது.

உலகமறிந்தது இரண்டாவது பாடமே. தாம் பெண்ணல்லவா என்று மீண்டும் மீண்டும் கேட்கும் புகழ்பெற்ற பல்லவி அதில்தான் வருகிறது. முதற்பாடத்தில் அவ்வடிவில் இல்லை. கேஜ் அம்மையார் ட்ரூத்தின் வாயிலே தென்மாநில அடிமைகளின் கொச்சையை இட்டார். டச்சு பேசி வளர்ந்த வடநாட்டுப் பெண் அவ்வாறு பேசியிருக்க நியாயமில்லை. ஐந்து பிள்ளைகளின் தாயைப் பதின்மூன்று பிள்ளைகளின் தாயாக்கினார். நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்பதை நாம் மறுக்கவில்லை; ஆயினும் நல்லெண்ணம் பாடபேதத்திற்குச் சமாதானமாகாது. முதற்பாடத்தில் நாம் காண்பவள் இரங்கத்தக்கவள் அல்லள். உழுதேன், அறுத்தேன், மரம் பிளந்தேன் என்று தன் உழைப்பைச் சான்றாக வைக்கின்ற தொழிலாளி அவள். ஒருபுறம் அடிமையும் மறுபுறம் பெண்ணும் எழுந்துவர, இரண்டு வேட்டைப் பறவைகளுக்கிடையே அகப்பட்டவன்போல ஆண் திகைத்து நிற்கிறான் என்று அவள் நகையாடுகிறாள். இரு போராட்டங்களையும் ஒன்றாகக் கண்ட அரசியற் கண் அது. பிரகடனம் தொடாது விட்டதை எழுத்தறியாத பெண் ஓருவமையில் முடித்துவிட்டார்.

சொல்லில் இருந்த பிளவு செயலில் வெளிப்பட இருபது ஆண்டுகள் பிடித்தன. பிரகடனத்திலேயே அதன் வித்து உண்டு. உள்நாட்டாராயினும் அந்நியராயினும், அறிவற்ற இழிந்த ஆடவருக்கும் கொடுக்கப்பட்ட உரிமைகள் பெண்ணுக்கு மறுக்கப்பட்டன என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. சமத்துவம் கோரும் ஆவணத்தில் இவ்வரி எவ்வாறு நுழைந்தது? நுழைந்தது மட்டுமன்று, வளர்ந்தது. உள்நாட்டுப் போரின் பின், கறுப்பின ஆடவருக்கு வாக்குரிமை உறுதிசெய்யும் பதினைந்தாவது திருத்தம் முன்வைக்கப்பட்டபோது, ஸ்ரான்ரனும் சூசன் அந்தனியும் அதனை எதிர்த்தனர். அடிமை முறையை ஆதரித்த அரசியலைச் சேர்ந்தவரும் பகிரங்க இனவெறியருமான ஜோர்ஜ் பிரான்சிஸ் ட்ரெயினின் பணத்தில் தம் பத்திரிகையைத் தொடங்கினர். விடுதலை பெற்ற கறுப்பினத்தவரையும் புதிதாய்க் குடியேறிய ஏழைகளையும் இழித்து ஸ்ரான்ரன் எழுதியவை இன்று வாசிக்க நாணத் தக்கவை. 1869 மே மாதம் நியூயோர்க்கில் டக்ளஸ் அவருக்கு எதிர்நின்று, எம்மவருக்கு இது உயிர்ப் பிரச்சினை என்று வாதிட்டார். அவ்வாண்டிலேயே இயக்கம் இரண்டாகப் பிளந்தது. மீண்டும் ஒன்றாக 1890 வரை சென்றது.

பெண்களுக்கும் அப்போதே வாக்குரிமை வேண்டுமென்ற கோரிக்கை நியாயமானதே. ட்ரூத்தும் 1867இல் அதனைக் கேட்டார்: கறுப்பின ஆடவர் மட்டும் உரிமை பெற்றால் கறுப்பினப் பெண்களுக்கு அவர்களே எசமானராவர் என்றார். ஆனால் அவர் எவரையும் இழிந்தவரென்று சொல்லவில்லை. கவிஞரான பிரான்சிஸ் ஹார்ப்பரின் வாக்குமூலம் இன்னும் நுட்பமானது. கணவர் கடனோடு இறந்தபின், பால் பாத்திரம் வரை பறிகொடுத்த கைம்பெண் அவர். பிரகடனம் சொன்ன கொடுமையைத் தம் வீட்டிலேயே கண்டவர். அவரையே, கறுப்பினத்தவர் என்பதால், புகையிரதத்தில் புகைப்போர் பெட்டிக்குத் தள்ளினர். 1866ஆம் ஆண்டு மகாநாட்டில் இவ்விரண்டையும் அவர் ஒரே உரையிற் கூறினார். ட்ரூத்தின் திருத்தப்பட்ட வசனத்தை மனனஞ்செய்யும் பாடசாலைகள் ஹார்ப்பரின் உரையை அறிவது அரிது.

1881 முதல் வெளிவந்த இயக்க வரலாற்றின் முதல் மூன்று பெருந்தொகுதிகளை ஸ்ரான்ரனும் அந்தனியும் மற்றில்டா கேஜும் சேர்ந்து தொகுத்தனர். பிளவில் ஒரு கட்சியினரே பிளவின் வரலாற்றையும் எழுதினர். லூசி ஸ்ரோன் தலைமையிலான எதிரணிக்கு அதிலே கிடைத்த இடம் ஓர் அத்தியாயம். செனகா போல்ஸ் எல்லாவற்றிற்கும் தொடக்கமாக நிலைபெற்றது அந்நூலின் வழியாகவே. லோவெலின் 1834ஆம் ஆண்டு வேலைநிறுத்தமோ, 1832இலேயே பொஸ்ரனிற் பொதுமேடை ஏறிய கறுப்பினப் பெண்ணான மரியா ஸ்ரூவர்ட்டோ தொடக்கமாகக் கொள்ளப்படவில்லை. ஆயினும் ஆவணங்களைச் சிதறவிடாது சேர்த்த அப்பெரும் உழைப்பு இன்றேல், அவர்களை விமர்சிப்பதற்கு வேண்டிய சான்றுகளிற் பல எமக்குக் கிட்டியிரா.

1920 ஓகஸ்டில் பத்தொன்பதாவது திருத்தம் நிறைவேறியது. செனகா போல்சில் ஒப்பமிட்டவருள் அப்போது உயிரோடிருந்தவராக அறியப்பட்டவர் ஷார்லொற் வூட்வேர்ட் ஒருவரே. 1848இல் அவர் வீட்டிலிருந்து கூலிக்குக் கையுறை தைத்த இளம்பெண். வாக்குரிமை வந்தபோது நோயுற்றிருந்த அவரால் வாக்களிக்க இயலவில்லை. தென்மாநிலங்களின் கறுப்பினப் பெண்களுக்கோ தலைவரியும் எழுத்தறிவுச் சோதனையும் வன்முறையும் குறுக்கே நின்றன. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அந்நிலை நீடித்தது. 1962 ஓகஸ்டில், மிசிசிப்பி மாநிலத்தின் பருத்தித் தோட்டமொன்றிலே பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பனி லூ ஹேமர், வாக்காளராகப் பதிந்துகொள்ள இண்டியனோலா நகருக்குச் சென்றார். விண்ணப்பத்தை மீட்டுக்கொள், இன்றேல் தோட்டத்தை விட்டுப் போ என்று தோட்டச் சொந்தக்காரன் கூறினான். அன்றிரவே அவர் வெளியேறினார்.