சிறிய டி, பெரிய டி

முப்படி எண்களின் தலைகீழ்களை முடிவின்றிக் கூட்டினால் கிடைப்பது ஜீட்டா(3). ஒவ்வொரு எண்ணுக்கும், அதற்கு முந்தைய எண்களின் தலைகீழ்களைக் கூட்டி, அந்த எண்ணின் வர்க்கத்தால் வகுத்து, எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதே ஜீட்டா(3) வருகிறது. ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் கண்ட விந்தை இது. இத்தகைய அடுக்குத் தொடர்கள்தாம் பன்மடி ஜீட்டா மதிப்புகள். படிகளின் கூட்டுத்தொகை அவற்றின் ‘எடை’. 1990களின் தொடக்கத்தில் ஹாஃப்மனும் ஸாகியரும் இவற்றுக்குப் புத்துயிர் தந்தார்கள்.

எடை 12இல் இத்தகைய மதிப்புகள் 1024 உண்டு. விகிதமுறு குணகங்களோடு இவை அனைத்தையும் எழுத 12 எண்களே தேவை என்பது ஸாகியரின் ஊகம். 12 போதும் என்பது டெரசோமா, கோன்சரோவ், டெலின் ஆகியோரால் நிறுவப்பட்டுவிட்டது. படிகளில் 2, 3 மட்டுமே வரும் மதிப்புகளே அந்த வேலைக்குப் போதும் என்று பிரவுன் 2012இல் காட்டினார். எடை 12இல் அப்படிப்பட்டவை சரியாக 12! ஆனால் குறைவாக இருந்தால் போதாது என்பதற்கு நிரூபணம் இல்லை. இப்படித் தேவைப்படும் எண்களின் எண்ணிக்கையான ‘பரிமாணம்’ ஏதேனும் ஒரு எடையிலாவது 1ஐத் தாண்டுகிறது என்றுகூட இன்றுவரை யாரும் நிறுவவில்லை.

மூலக் குடும்பமே இந்த நிலையில் இருக்க, கிளைகள் பெருகிவிட்டன. குறிகளை மாற்றிப் போடுவது ஒரு கிளை. பகா எண்ணுக்கு முன்பே தொடரை நிறுத்தி மீதியை மட்டும் பார்க்கும் கனேகோ–ஸாகியர் வழி இன்னொன்று. நம் கவனத்துக்கு உரியவை இரண்டு: பகுதியில் ஒற்றை எண்களை மட்டும் அனுமதிக்கும் ஹாஃப்மனின் ‘சிறிய டி’; ஒற்றை, இரட்டை என்று மாறிமாறி அடுக்கும் கனேகோ–சுமுராவின் ‘பெரிய டி’.

ஆய்லரின் தொடரையே இரண்டிலும் இட்டுப் பார்க்கலாம். ஒற்றை எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் விடை, பை வர்க்கத்தின் எட்டில் ஒரு பங்கை 2இன் இயல் மடக்கையால் பெருக்கி, அதிலிருந்து ஜீட்டா(3)இன் 7/16 பங்கைக் கழித்தது. வர்க்கம் இரட்டை எண்ணுக்கு, முந்தைய தலைகீழ்கள் ஒற்றை எண்களுக்கு என்று வைத்தால் விடை வெறும் 7/16 ஜீட்டா(3). மடக்கை தலைகாட்டுவதே இல்லை.

காரணம் பெரிய டியின் தொகையீட்டு வடிவத்தில் இருக்கிறது. 1இலிருந்து மாறியைக் கழித்ததை, 1உடன் மாறியைக் கூட்டியதால் வகுத்து, அதை மாறிக்குப் பதிலாக இட்டால், தொகையீட்டின் இரண்டு உறுப்புகளும் இடம் மாறிக்கொள்கின்றன. அதனால் ஆய்லர் கண்டதுபோல் இருவேறு தொடர்களைச் சமமாக்கும், மூலக் குடும்பத்தின் இருமைப் பண்பு அப்படியே தங்குகிறது. சிறிய டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பகுதியில் வரும் எண்களை மட்டும் பார்த்து இவற்றை ஒரே பெட்டியில் போடுவது பிழை என்பேன். எந்தச் சமச்சீர் தப்பிப் பிழைக்கிறது என்பதே சரியான அளவுகோல்.

ஆனால் சமச்சீர் உள்ள பக்கம்தான் கணக்கு எளிது என்று நினைத்துவிடக் கூடாது. படிகளில் 2, 3 மட்டும் வரும் சிறிய டி மதிப்புகள் மூல ஜீட்டாக்கள் அனைத்தையும் ஈன்றுவிடுகின்றன என்று தகுயா முரகாமி நிறுவிவிட்டார். பெரிய டியின் பரிமாணங்களோ எடை 4 முதல் 10 வரை கணினிக் கணக்கில் 2, 2, 4, 5, 9, 10, 19 என்று போகின்றன. இரட்டை எடைகளில் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை வருகிறது; ஒற்றை எடைகள் அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை.