தூசி நுழையாத ஆறடிப் பெட்டி

வீட்டிலேயே கறுப்பு வெள்ளை பிலிம் கழுவுகிறவரா நீங்கள்? அடுத்த லென்ஸுக்குச் சேர்த்துவைத்திருக்கும் காசில் கொஞ்சம் எடுத்து, முதலில் உலர்த்தும் பெட்டி ஒன்று செய்துகொள்ளுங்கள். நான் செய்துவிட்டேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதன் புகழைத்தான் பாடிக்கொண்டிருக்கிறேன்!

டெவலப்பருக்கு டிகிரி பார்க்கிறோம், நொடி எண்ணுகிறோம். கடைசியில் ஈர பிலிமைக் குளியலறைக் கொடியில் மாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். ஆபத்தே அப்போதுதான். ஜெலட்டின் நீரில் ஊறி இளகியிருக்கும். ஒரு பஞ்சுத் துணுக்கு வந்து உட்கார்ந்தால், காயும்போது அப்படியே பதிந்துவிடும். பிரிண்டில், வானத்தின் நடுவே வெள்ளைக் கீறலாகத் தெரியும்.

36 படம் எடுக்கும் 35 மி.மீ. சுருள் ஏறக்குறைய 1.6 மீட்டர் நீளம். அதனால் பெட்டியின் உயரம் 6 அடி. அகலமும் ஆழமும் ஓரடி. உள்ளே வழவழப்பான வெள்ளை மைக்கா ஒட்டினேன். ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிடலாம். கதவைச் சுற்றி ரப்பர் பீடிங்.

இனிதான் அற்புதம்! உச்சியில் 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன், அதன் மேல் கார் ஏசிக்குப் போடும் ஃபில்டர், அடியில் துளைகள். ஃபேன் காற்றை வெளியே இழுக்கக் கூடாது. வடிகட்டி உள்ளே தள்ள வேண்டும். இழுத்தால் இடுக்கெல்லாம் தூசிக்கு வாசல். தள்ளினால் உள்ளழுத்தம் கூடி, எந்த இடுக்கிலும் காற்று வெளியே மட்டுமே போகும். மொத்தப் பெட்டியின் சூட்சுமமும் இவ்வளவுதான்!

சென்னையின் ஈரக்காற்றுக்கு, ஃபேனுக்குக் கீழே தகரத் தடுப்புக்குள் 40 வாட் குண்டு பல்பு. முப்பது டிகிரிக் காற்று இன்னும் ஐந்து டிகிரி சூடேறினாலே ஒப்பு ஈரப்பதம் கால்பங்கு இறங்கிவிடும். அதற்குமேல் சூடு வேண்டாம். அவசரமாகக் காய்ந்தால் பிலிம் சுருளும்.

கடைசி அலசலில் லிட்டருக்கு 5 மி.லி. கோடாக் ஃபோட்டோ-ஃப்ளோ 200 சேர்த்து, கீழ் முனையில் கனமான கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். நீர் திட்டுத்திட்டாக நிற்காமல் ஒரே படலமாக வழிந்து, கிளிப்பருகே துளியாகத் திரண்டு சொட்டும். காய்ந்த நெகட்டிவை லைட் பாக்ஸில் வைத்து லூப் வழியே பாருங்கள். வானம் அத்தனை சுத்தம்! ஸ்பாட்டிங் தூரிகைக்கு வேலையே இல்லை.

நாலு பக்கமும் மேல்கீழ் மூடியும் எட்டுக்கு நாலு பிளைவுட் ஒன்றிலேயே அடங்கிவிடும். இந்த வாரமே அளவெடுத்து அறுக்கச் சொல்லுங்கள்!