வற்றிய உடலும் ஒரு சிலேடையும்

ஆங்கிலத்தில் உடல் மெலிவைக் குறிக்கும் சொற்கள் பல. அனைத்துக்கும் 'மெலிந்த' என்றே பொருள் சொல்லிக் கடந்துவிடுவது நம் ஆசிரியர்களிடையே வழக்கமாகிவிட்டது. 'ஸ்லிம்' என்பது புகழ்ச்சி. 'எமேசியேட்டட்' என்பது நோயும் பட்டினியும் தின்ற உடல். 'கடாவரஸ்' பிணத்தின் சாயலைக் காட்டுவது. 'ஹாகர்ட்' வல்லூறு பழக்குவோர் தந்த சொல். வளர்ந்தபின் காட்டில் பிடிபட்ட, எளிதில் பழகாத பறவையைக் குறித்தது, இன்று கவலையும் உறக்கமின்மையும் அரித்த முகத்துக்கு ஆகிவருகிறது. அரபியிலும் இவ்வேறுபாடு உண்டு. பயிற்சியால் வயிறொட்டிய குதிரை 'ளாமிர்', அது பெருமை. தீனியின்றி நலிந்தது 'ஹஸீல்'.

'கான்ட்' என்றொரு சொல் உள்ளது. கன்னம் ஒட்டி, கண் குழிந்து, உள்ளிருந்தே வற்றிய தோற்றத்தைச் சொல்வது. அதன் முழு ஆழத்தையும் காண வேண்டுமாயின் ஷேக்ஸ்பியர் 1595ஆம் ஆண்டளவில் எழுதிய 'இரண்டாம் ரிச்சர்டு' நாடகத்துக்குச் செல்ல வேண்டும்.

மன்னனின் சிறிய தந்தை ஜான் ஆஃப் கான்ட். 1340இல் அவர் பிறந்த கெண்ட் நகரம் இன்று பெல்ஜியத்தில் உள்ளது. அவ்வூர்ப் பெயரே ஆங்கிலேயர் நாவில் 'கான்ட்' ஆயிற்று. மரணப் படுக்கையில் கிடக்கும் அவரிடம் மன்னன் நலம் வினவுகிறான். அவரோ தம் பெயரையே சிலேடையாக்குகிறார்: துயரம் தம்முள் நோன்பிருக்கிறதாம்; பிள்ளை முகம் காண்பதே தந்தைக்கு உணவு, அதை மன்னன் பறித்தானாம்; உறங்கும் நாட்டுக்காக விழித்திருந்தே உடல் வற்றிற்றாம்.

உயிர் பிரியும் வேளையில் சொல் விளையாட்டா? நமக்கும் முதலில் அது செயற்கையாகவே பட்டது. மன்னனும் அதையே கேட்கிறான். ஆனால் முந்தைய அங்கத்தை நினைவுகூர்வோமாக. மகனை நாடு கடத்திய அவையில் கிழவரும் இசைவு தெரிவித்தவர்! பத்தாண்டுத் தண்டனையை மன்னன் ஆறாகக் குறைத்தபோதும், அதுவரை தாம் உயிரோடிருக்கப் போவதில்லை என்றவர். அவரை வற்றச் செய்தது பிரிவு மட்டுமன்று. தாமும் தலையசைத்த குற்றவுணர்வும் அதில் கலந்திருக்கிறது. இதைக் கண்ட பின் அச்சிலேடை நமக்கு விளையாட்டாகத் தோன்றவில்லை.

இக்காட்சியைத் தமிழாக்குவோர் 'மெலிந்த' என்று எழுதினால் கிழவர் வெறும் நோயாளியாகிவிடுவார். 'எலும்பும் தோலுமாய்' என்பதோ பஞ்சத்தில் அடிபட்டவனுக்கு உரியது. 'வற்றிய' என்பது ஓரளவு நெருங்கும். ஆயினும் பெயரும் உடலும் ஒன்றாகும் அந்தச் சிலேடை தமிழில் கைகூடாது. அங்கே ஓர் அடிக்குறிப்பு இடுவதே நேர்மை.