பழைய கணினியும் புதிய பலகணியும்

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் மைக்ரோசொப்ட் நிறுவனம் ‘விண்டோஸ் 10’ என்னும் பணிசெயல் முறைமைக்கு அளித்துவந்த ஆதரவை நிறுத்திக்கொண்டது. தமிழகத்தார் இயங்குதளம் என்றும் நம் நாட்டுப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்றும் வழங்கும் இம்மென்பொருள், கணினியிலுள்ள பிற மென்பொருள்கள் யாவும் நின்று தொழிற்படுவதற்குரிய நிலம் போன்றது. நிலம் எவருடையது என்ற கேள்வி மலையகத்துக்குப் புதியதன்று. ஆயினும், கண்டி நகரிலும் கம்பளை, கட்டுகஸ்தோட்டை, கலஹா போன்ற சுற்றுப்புறங்களிலும் பாடசாலைக் கணினி அறைகளுக்குப் பொறுப்பாயுள்ள ஆசிரியர்கள் அக்கேள்வியைக் கேட்பதில்லை. புதியதற்கு மாறுவதா, பழையதிலேயே இருப்பதா என்று மட்டுமே கேட்கின்றனர். இந்தச் சிறிய கேள்விக்குள் அந்தப் பெரிய கேள்வி ஒளிந்துகிடக்கிறது என்பதே நமது கருத்து.

விமரிசனத்துக்கு நூல்கள் இல்லாமற் போயினவா, இலக்கிய ஏட்டிலே கணினிக்கு என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் இருக்கக்கூடும். இன்று எழுத்தறிந்த மக்கள் அன்றாடம் மிகுதியாகப் படிக்கும் உரைநடை, திரையிலே தோன்றும் அறிவிப்புகளே. கதையையும் கவிதையையும் துருவித் துருவி ஆராயும் நாம், கட்டளைகளாய் வந்து நம்மைப் பணியவைக்கும் இவ்வுரைநடையை ஆராயாது விடுதல் தகுமா?

அவ்வறிவிப்பின் மொழியைச் சற்று நோக்குவோம். ‘ஆதரவு முடிந்தது’ என்பதே தமிழில் அதனை எடுத்துரைப்போர் கையாளும் தொடர். மழை ஓய்ந்தது, பொழுது சாய்ந்தது என்பன போல இதுவும் தன்வினை. முடித்தவர் எவர் என்ற வினாவுக்கு இத்தொடரில் இடமே இல்லை. ‘ஆதரவை முடித்தோம்’ என்று பிறவினையில் எழுதிப் பாருங்கள். உடனே ஓர் எழுவாய் தோன்றிவிடுகிறது. அதன் பின்னே ஒரு நிறுவனமும், அந்நிறுவனத்தின் கணக்கேடும் தோன்றிவிடுகின்றன. ஒரு சிலரின் முடிவை இயற்கையின் நியதியாகக் காட்டுவது ஆளும் கருத்தியலின் பழைய உத்தி. பஞ்சமும் விலையேற்றமும் இதே இலக்கணத்தில்தான் நமக்கு விளக்கப்பட்டு வந்தன.

இது நியதியன்று, முடிவே என்பதற்கு அந்நிறுவனத்தின் வரலாறே சான்று. 2001இல் வெளிவந்த ‘விண்டோஸ் எக்ஸ்பி’க்கான ஆதரவு 2014 ஏப்ரில் 8ஆம் திகதி நிறுத்தப்பட்டது. மூன்றாண்டுகளின் பின், 2017 மே மாதத்தில் ‘வானாகிரை’ என்னும் நாசகார நிரல் உலகெங்கும் பரவி, பிரித்தானியப் பொது வைத்தியசாலைகளின் கணினிகளைக்கூட முடக்கியபோது, அதே நிறுவனம் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பெற்ற எக்ஸ்பிக்கும் அவசரத் திருத்தமொன்றை வெளியிட்டது. வேண்டுமென்று எண்ணினால் முடியும் என்பதல்லவா இதன் பொருள்? 2015ஆம் ஆண்டிலோ, விண்டோஸ் 10தான் இறுதிப் பதிப்பு என்று அந்நிறுவன ஊழியர் ஒருவர் மேடையிற் கூறியது உலகெங்கும் செய்தியாயிற்று. ஆறு ஆண்டுகள் கழித்து, 2021 ஒக்டோபரில், ‘விண்டோஸ் 11’ வந்து சேர்ந்தது.

புதிய முறைமைக்குக் கட்டணமில்லை; உரிமம் பெற்ற பழைய முறைமை உடையோர் இலவசமாகவே மாறலாம். ஆனால் கணினி அதற்குத் தகுதியுடையதாக இருத்தல் வேண்டும். மறைகுறிச் சாவிகளைக் காத்துவைக்கும் ‘ரி.பி.எம். 2.0’ என்னும் சில்லு வேண்டும். இன்டெல் நிறுவனத்தின் செயலியாயின் 2017இல் வெளிவரத் தொடங்கிய எட்டாம் தலைமுறையைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருத்தல் வேண்டும். மிகச் சில விலக்குகளைத் தவிர, அதற்கு முற்பட்டவை வாயிலிலேயே தடுத்து நிறுத்தப்படுகின்றன. எழுதவும் கணக்கிடவும் படம் வரையவும் இன்றும் வல்லமை உள்ள கணினிகள் இவ்வாறு தள்ளுபடியாகின்றன. ஏறத்தாழ 24 கோடிக் கணினிகள் இம்மாற்றத்தால் குப்பையாகக்கூடும் என 2023இன் இறுதியில் ‘கனாலிஸ்’ என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. அச்சில்லினால் பாதுகாப்பு மிகுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. அப்பாதுகாப்பின் விலையை எவர் செலுத்துவது என்பதே கேள்வி. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் 360 ரூபாவை எட்டிய நாடு இது. பழைய மாணவர் சங்கத்தின் நன்கொடையாலும் பெற்றோர் சேர்த்த காசாலும் வாங்கப்பெற்ற பத்துக் கணினிகளை மாற்றுவது தோட்டப்புறப் பாடசாலை ஒன்றுக்கு எத்தகைய காரியம் என்பதை ஆசிரியர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஹந்தானை மலைச்சரிவிலே, 1925இல் எழுப்பப்பட்ட தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில், 2001 முதல் தேயிலை அரும்பொருட்காட்சியகம் ஒன்று நடைபெற்று வருகிறது. அங்குள்ள பழைய பொறிகளைப் பார்க்கும் மாணவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பெல்பாஸ்ட் நகரின் டேவிட்சன் நிறுவனம் செய்த ‘சிரோக்கோ’ உலர்த்திகள் இந்நாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளிற் பலகாலம் உழைத்தவை. தேய்ந்த உறுப்பை உள்ளூர்ப் பட்டறையிலே வார்த்துப் பொருத்தலாம். இரும்பும் பொறிவல்லார் கைத்திறனும் உள்ளவரை பொறி ஓடும். இனி நாங்கள் ஆதரவளியோம் என்று பெல்பாஸ்டிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தால் ஹந்தானையில் உலர்த்தி நின்றுவிட்டிருக்காது. பொறியை வாங்கியவன் பொறிக்கு உடைமையாளன் ஆனான். இன்றோ கணினியை வாங்குபவன் இரும்புக்கு மட்டுமே உடையவன். அதனை இயக்கும் மென்பொருளைப் பொறுத்தவரை அவன் குத்தகைக்காரன். இதைச் சொல்வதால் அந்தப் பழைய காலம் பொற்காலம் என்று எவரும் கருதிவிடலாகாது. பொறி எவ்வளவு நீடித்து உழைத்தாலும் அதன் அருகே நின்றவருக்கு அதனாற் கிடைத்த உரிமை எதுவுமில்லை.

இந்நிலையில் நம் நண்பர்களிடையே இரு போக்குகளைக் காண்கிறோம்.

முதலாவது, பணியாதிருப்பதே எதிர்ப்பு என்னும் போக்கு. நிறுவனம் சொன்னால் நாம் மாற வேண்டுமோ, கணினி ஓடும் மட்டும் ஓடட்டும் என்கின்றனர் இவர்கள். கேட்பதற்கு வீரமாக இருக்கிறது. ஆனால் வானாகிரை நமக்குப் புகட்டிய பாடம் வேறு. அந்நிரல் புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2017 மார்ச் மாதத்திலேயே வெளிவந்திருந்தது. இரண்டு மாதமாகியும் அதனை நிறுவாதிருந்தோரே பெரும்பாலும் அகப்பட்டனர். திருத்தம் பெறாத முறைமையை இணையத்தோடு இணைத்துவைத்து, அதிலே மாணவர் புள்ளிகளையும் பெற்றோர் விவரங்களையும் சேமிப்பது எதிர்ப்பாகாது, அசட்டையே ஆகும். அதனால் இழப்படைவது அந்நிறுவனமன்று, அந்த மாணவனே.

இவ்விடத்தில் அந்நிறுவனம் விட்டுவைத்துள்ள ஒரு வழியையும் சொல்லியாக வேண்டும். கல்வி நிறுவனங்கள் ஒரு கணினிக்கு முதலாண்டு ஒரு டொலர், இரண்டாமாண்டு இரண்டு, மூன்றாமாண்டு நான்கு எனச் செலுத்தினால் 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம். தனியாருக்கோ 30 டொலர் கட்டணத்தில், அல்லது சில நிபந்தனைகளுக்கு இசைந்தால் கட்டணமின்றி, ஓராண்டு அவகாசம். ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் வாழ்வோருக்கு அந்நிபந்தனைகளும் தளர்த்தப்பட்டன. உரிமை வேண்டிக் குரலெழுப்பும் நுகர்வோர் இயக்கங்கள் உள்ள இடத்தில் சலுகை பிறக்கிறது என்பதைக் குறித்துக்கொள்வோம். ஒரு டொலர் பெருந்தொகையன்று. முறையான உரிமம் உள்ள பாடசாலை அதனைப் பெறுவதே அறிவுடைமை. ஆனால் கடைக்காரர் ஏற்றித்தந்த உரிமமற்ற பிரதியை வைத்திருப்போருக்கு இக்கதவு திறவாது. களவுப் பிரதியை ஏழையின் நியாயமான ஆயுதம் என்று போற்றியவர்களும் நம்மிடையே உண்டு. அது ஒரு தலைமுறையை அந்நிறுவனத்தின் முறைமைக்கே பழக்கிவிட்டது. நிறுவனம் விளம்பரத்துக்குச் செலவிட வேண்டியதை நாம் இலவசமாகச் செய்துகொடுத்தோம் எனலாம்.

இரண்டாவது போக்கு, லினக்ஸ் என்றதும் பொதுவுடைமை வந்துவிட்டதாக மகிழ்வது. மூலநிரலைப் பார்க்கவும் திருத்தவும் பிறர்க்குப் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள், உடைமையுறவில் ஒரு மெய்யான மாற்றம் என்பதில் நமக்கு ஐயமில்லை. இந்நாட்டவர் அதிற் பின்தங்கியவரும் அல்லர். 2004ஆம் ஆண்டுச் சுனாமியின் பின் இங்கே உருவாக்கப்பட்ட ‘சகானா’ என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், 2006ஆம் ஆண்டுக்கான சமுதாயப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையிடமிருந்து பெற்றது. நம் மலையின் பெயரையே தாங்கி ‘ஹந்தான லினக்ஸ்’ என ஒரு முறைமையும் இலங்கையில் உருவாயிற்று. பேராதனை வளாகத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும் அந்த மலையின் பெயர் ஒரு பணிசெயல் முறைமைக்கு இடப்பட்டது நமக்குப் பெருமையே.

ஆனால் பெருமையோடு நின்றுவிடலாமா? ஹந்தான லினக்ஸ் ‘பெடோரா’ என்னும் முறைமையை அடித்தளமாகக் கொண்டது. பெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழப் பதின்மூன்று மாதமே ஆயுள். அதன்மேல் கட்டப்பட்ட வீட்டை ஆண்டுதோறும் பிரித்துக் கட்ட வேண்டும். ஓய்வு நேரத்தில் உழைக்கும் சிறு தொண்டர் குழுவுக்கு அது எத்துணைச் சுமை! பெடோராவைப் பேணும் ‘ரெட் ஹட்’ நிறுவனத்தையோ 2019இல் ஐ.பி.எம். 3,400 கோடி டொலருக்கு வாங்கிவிட்டது. ஆகவே கட்டற்ற மென்பொருளும் முதலாளித்துவ உலகுக்கு வெளியே மிதக்கும் தீவன்று. அங்கும் பதிப்புகள் காலாவதியாகின்றன, அங்கும் மாறவேண்டியிருக்கிறது. வேறுபாடு இதுதான்: மாறும்போது கணினியைத் தூக்கியெறியும்படி பெரும்பாலும் எவரும் நிர்ப்பந்திப்பதில்லை. 2024இல் வெளிவந்த ‘லினக்ஸ் மின்ட் 22’ பத்தாண்டு கடந்த கணினியிலும் பெரும்பாலும் இயங்கும். அதற்கான திருத்தங்கள் 2029 வரை வரும்.

வெளிநாட்டு அனுபவங்களும் இதனையே உணர்த்துகின்றன. ஜேர்மனியின் மியூனிக் மாநகரசபை 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, பத்தாண்டு உழைத்து ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. 2017இல் அரசியற் காற்று மாறியதும் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. கேரளத்திலோ 2001இல் தொடங்கிய பாடசாலைத் தகவல் தொழினுட்பத் திட்டம் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, இன்றும் அதிலேயே நிற்கிறது. கேரளத்தில் ஆசிரியர்களே பெருந்தொகையாகப் பயிற்றப்பட்டனர். முறைமை அவர்கள் கையிற் பழகியது. மேலிருந்து வந்த தீர்மானம் மேலேயுள்ளோர் மாறினால் மாறிவிடும். ஆசிரியர் கைப்பழக்கத்தில் ஊறியதைப் பெயர்ப்பது அத்துணை எளிதன்று.

இனி, நம்மவர் வாயில் அடிக்கடி வரும் ஒரு தடையைப் பார்ப்போம். ‘எங்கள் வினாத்தாள்கள் எல்லாம் பாமினியில் உள்ளன, மாறினால் அவை என்னாவது?’ என்கின்றனர். பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் உருவங்களை ஒட்டவைத்த ஓர் ஏற்பாடு. எழுத்துரு உள்ள இடத்திலே தமிழாகத் தோன்றும். இல்லாத இடத்திலே வெறும் ஆங்கிலக் குப்பை. தமிழுக்கு வேறு வழியில்லாதிருந்த காலத்தில் அது பெருந்தொண்டு செய்தது. அதனை இகழ்தல் நன்றிகெட்ட செயலாகும். ஆனால் விண்டோஸ் 2000 வெளிவந்த நாள்முதல் யுனிகோட் தமிழ் கணினியிலேயே உண்டு. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தமிழ்த் தரத்தையும் வெளியிட்டது. அத்தரத்துக்குரிய, தட்டச்சுப் பொறியையொட்டிய ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸில் ‘எம்.17.என்.’ என்னும் தொகுப்போடு கூடவே வருகிறது. அவ்வாறிருக்க, பாமினியிலேயே நாம் தங்கிவிட்டமைக்கு எந்தப் பன்னாட்டு நிறுவனத்தைக் குறைகூறுவது? வேண்டுமாயின் பாமினி எழுத்துருவைப் புதிய விண்டோஸிலும் லினக்ஸிலும் நிறுவிப் பழைய தாள்களைப் படிக்கலாம்; ஆதலால் அச்சம் அளவுகடந்தது. எனினும் தேடினால் அகப்படாத, கைத்தொலைபேசியிற் படிக்க முடியாத, கண்பார்வையற்ற மாணவனுக்குத் திரைவாசிப்பான் தமிழாக வாசித்துக்காட்ட இயலாத அந்தத் தாள்கள், பெயரளவிலேயே தமிழ்த் தாள்கள். யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே உள்ளன. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் ஒப்புநோக்குதல் மட்டும் இன்றியமையாதது. கொம்பும் காலும் இடம்மாறிப் பொருள் கெடுவதுண்டு.

ஆகவே நமது முடிபைச் சொல்கிறோம். புதிய விண்டோஸை ஏற்கவல்ல, உரிமமுள்ள கணினி இருப்பின் மாறிவிடுக. அதிலே கொள்கை இழுக்கு ஒன்றுமில்லை. ஏற்க இயலாத கணினியைக் கழித்துவிடாது லினக்ஸுக்கு மாற்றுக. கணக்குப் பதிவு முதலிய ஏதேனும் ஒரு மென்பொருளுக்காகப் பழைய விண்டோஸ் வேண்டியிருப்பின், கட்டணத் திருத்தம் பெறுக. அதுவும் இயலாதெனின் அந்த ஒரு கணினியை இணையத்திலிருந்து துண்டித்து வைத்திடுக. தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கும் மாணவனுக்கு ஒரே நிறுவனத்தின் பொத்தான்களை மனனம் செய்விப்பது, ஒரே ஊரின் தெருக்களைக் காட்டிப் புவியியல் கற்பிப்பதற்கு ஒப்பாகும். இரு முறைமைகளையும் அருகருகே காண்பவன், எது கணினியின் இயல்பு, எது விற்பவரின் விருப்பு என்று பிரித்தறியப் பழகுவான்.

லினக்ஸ் மின்டைக் கணினியில் நிறுவாமலே சிறு நினைவுக்கோலிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். ஒரு பாடசாலை ஒரு கணினியை மட்டும் ஒரு தவணைக்கு அவ்வாறு மாணவரிடம் விட்டுப் பார்க்கட்டும். அச்சுப்பொறி இயங்குகிறதா, ரெங்கநாதன் விசைப்பலகை கைக்கு வசப்படுகிறதா, மாற்றிய வினாத்தாள் பிழையின்றித் திறக்கிறதா என்று ஏட்டிலே குறித்து வரட்டும். பழுது ஏற்பட்டால் அழைக்கப்பட வேண்டிய ஆசிரியர் யார் என்பதையும், அவருக்கு வாரத்தில் இரண்டு பாடவேளையேனும் இதற்கென நேரசூசியில் ஒதுக்க அதிபர் இசைவாரா என்பதையும் நினைவுக்கோலை வாங்குவதற்கு முன்பே கேட்டறிந்துகொள்ள வேண்டும்.